ஒரே கஞ்சா, இரண்டு கோப்புகள்

அமெரிக்காவில் அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான எஸ்.எஃப்.-86 படிவம், கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று கேட்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை.

விதி பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எப்போது, எத்தனை முறை, விட்டுவிட்டாரா என்று முழு மனிதரையும் எடைபோடச் சொல்கிறது. முன்பு கஞ்சா பிடித்தது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநரும் வழிகாட்டுதல் அனுப்பினார். "பிறகென்ன? உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்கள் நம்மூர் நடுநிலையாளர்கள்.

சிக்கல் படிவத்துக்கு முன்பே, தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தின் 2020 அறிக்கையைப் பாருங்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்போ கறுப்பருக்கு 3.6 மடங்கு அதிகம்.

கல்லூரி விடுதி அறையில் புகைத்த வெள்ளை மாணவருக்குக் கோப்பே இல்லை. அவர் ஒப்புக்கொண்டால் 'நேர்மையானவர்'. மறைத்தால் காட்டிக்கொடுக்க ஆவணம் ஏதுமில்லை. தெருமுனையில் பிடிபட்ட கறுப்பு இளைஞருக்கு அந்தத் தேர்வு கிடையாது. போதைப்பொருள் கேள்வியோடு, கைது பற்றிய தனிக் கேள்விக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். செயல் ஒன்று, விளக்கம் சொல்லும் சுமை இரண்டு மடங்கு.

நான் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த விதிகளைப் படிக்கும்போதெல்லாம் என் பாஸ்போர்ட் விசாரணைதான் நினைவுக்கு வருகிறது. வந்த காவலர் என் படிப்பைக் கேட்கவில்லை. "காலனிப் பையனா? கேஸ் ஏதும் இருக்கா?" என்றுதான் தொடங்கினார். பிறப்பை வைத்தே மக்களைக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த 1871 குற்றப்பரம்பரைச் சட்டம் ஏட்டில் ஒழிந்துவிட்டது. அந்தக் கேள்வியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நாட்டின் ரகசியத்தைக் காப்பவரைச் சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனையில் முடியாத கைதையும், சிறிதளவு கஞ்சா வைத்திருந்த பழைய வழக்கையும் கணக்கில் எடுக்காதீர்கள் என்கிறேன். அந்தக் கைது, அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட, காவல்துறை யார் தெருவில் காத்து நின்றது என்பதையே அதிகம் சொல்கிறது. அதை அவருடைய ஒழுக்கத்தின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?