மாப்பிள்ளைத் தோழன்

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம். பக்கத்து வீட்டுப் பெண் முதலாவதாக வந்தாள். என் மகள் நான்காவது. நானும் கைதட்டினேன். ஆனால் மனசு தட்டவில்லை. என் மகளோ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீடு திரும்பும்போது விஸ்வநாதன் ஆனந்த் நினைவுக்கு வந்தார். 1986 முதல் 37 ஆண்டுகள் இந்தியச் செஸ் தரவரிசையில் அவர்தான் முதலிடம். 2023 செப்டம்பரில் அந்த இடத்துக்கு வந்தவர் 17 வயது குகேஷ். ஆனந்த் 2020-ல் தொடங்கிய பயிற்சி மையத்தில் பயின்ற சென்னைப் பையன்! தன்னைத் தாண்டிப் போகக்கூடியவர்களுக்குத் தானே வழிகாட்டினார் ஆனந்த். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது பெருமையோடு வாழ்த்தினார்.

திருமுழுக்கு யோவானும் இப்படித்தான். எல்லோரும் இயேசுவிடம் போகிறார்களே என்று சீடர்கள் குறைபட்டபோது, அவர் தம்மை மாப்பிள்ளைத் தோழனுக்கு ஒப்பிட்டார். கல்யாணத்தில் மாலை மாப்பிள்ளைக்குத்தான். அதற்காகத் தோழன் முகம் வாடுவதில்லையே!

கடவுள் அடுத்தவருக்குக் கொடுத்ததால் நமக்கு வைத்திருப்பது குறைந்துவிடாது. யாருடைய வெற்றி உங்களை உறுத்துகிறதோ, அவர் பெயரைச் சொல்லி இன்று நன்றி ஜெபம் செய்யுங்கள். பிறகு போன் போட்டு வாழ்த்துங்கள். முதலில் வார்த்தைதான் வரும். மகிழ்ச்சி பின்னாலேயே வந்து சேரும்.

அன்று மாலை, மகளோடு இனிப்பு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.