விடுமுறை எல்லோருக்கும் உரியது

நுழையும்முன்

கோடை விடுமுறை நெருங்கியதும் 'இம்முறை எங்கே செல்லலாம்?' என்னும் கேள்வி வீடுதோறும் எழுகிறது. கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்ல வேண்டும் என்பதே சிறுவர் பலரின் விருப்பம். அப்பயணத்திற்குத் திட்டமிடுவதும் ஒரு கல்வியே. அத்திட்டத்தில் பணத்தோடு வேறு எதையும் கணக்கிட வேண்டும் என்பதை இக்கருத்துக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

★

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பூங்கா என்னும் பெரிய பூங்கா உள்ளது. அங்கே ஒரு குடைராட்டினம் உண்டு. திரைப்படக் கலைஞர் வால்ட் டிஸ்னி விடுமுறை நாள்களில் தம் மகள்கள் இருவரையும் அங்கு அழைத்துச் செல்வார். மகள்கள் ராட்டினத்தில் சுற்றி மகிழ்வர். தந்தையோ ஓரத்தில் கிடக்கும் இருக்கையில் அமர்ந்து, வேர்க்கடலையைக் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்னும் எண்ணம் அந்த இருக்கையில்தான் தமக்குத் தோன்றியது எனப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார்.

அவ்வெண்ணம் 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரில் டிஸ்னிலேண்டாக உருப்பெற்றது. அவர் மறைவிற்குப் பின்னர், 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், புளோரிடா மாநிலத்தில் அதனினும் பெரிய பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அங்குத் தங்கும் விடுதிகளும் பூங்காவோடு சேர்ந்தே திறக்கப்பட்டன. வெகுதொலைவிலிருந்து வருவோர் இளைப்பாறிய பின்னரே விளையாட முடியும் என்பதை அமைத்தோர் உணர்ந்திருந்தனர்.

இந்தியாவிலும் இத்தகைய பூங்காக்கள் பல தோன்றியுள்ளன. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், நீலகிரி மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம் அருகிலும் உள்ள பூங்காக்களைத் தமிழகச் சிறுவர் அறிவர். கொச்சியில் 2000ஆம் ஆண்டு பூங்கா ஒன்றைத் தொடங்கிய நிறுவனத்தார், 2005ஆம் ஆண்டு பெங்களூருக்கு அருகே பிடதியில் மற்றொன்றைத் திறந்தனர். அதுவே வொண்டர்லா. நீர் விளையாட்டுகள், தலைகீழாகச் சுழலும் ராட்டினங்கள் ஆகியவற்றோடு தங்கும் விடுதியும் அங்கு உண்டு. கோலார் தங்கவயலில், ஊரிகத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்ச் சிறுவர்கள் 'பூங்கா' என்றதும் பெரும்பாலும் நினைப்பது அதனைத்தான்.

ஊரிகத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பிடதியோ பெங்களூருக்கு மறுபுறம், மைசூர் சாலையில், மேலும் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 'காலையில் புறப்பட்டால் இரவு திரும்பிவிடலாம்' என்று பிள்ளைகள் எளிதாகக் கூறுவர். தொலைவை மட்டும் பார்த்தால் அக்கூற்று சரியே. பயணம் செய்வோர் யார் என்பதையும் பார்த்தால் அது சரியன்று.

தங்கவயலின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கங்களில் உழைத்தனர். கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவதே அவர்களுடைய நாள்தோறும் உள்ள பயணம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிழைப்பைத் தேடிப் பல்லாயிரவர் பெங்களூருக்குச் செல்லத் தொடங்கினர். ஆடைத் தொழிற்சாலை, கட்டடப் பணி, மருத்துவமனை, அலுவலகம் எனப் பலவகைப் பணிகளுக்காக அவர்கள் விடியுமுன் தொடர்வண்டி ஏறுகின்றனர். மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என நிலையந்தோறும் கூட்டம் ஏறும். பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது நிற்பதற்கும் இடம் இராது. தாத்தாவிற்குக் கூண்டு எப்படியோ, அப்பாவிற்கும் அம்மாவிற்கும் தொடர்வண்டி அப்படியே ஆயிற்று.

இனி ஓர் எளிய கணக்கு. போவதற்கு இரண்டரை மணி, வருவதற்கு இரண்டரை மணி எனக் கொண்டால், ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பயணத்தில் கழிகிறது. வாரத்தில் ஆறு நாளுக்கு 30 மணி நேரம். ஆண்டில் 50 வாரம் வேலை எனக் கொண்டால் 1500 மணி நேரம். அதனை 24ஆல் வகுத்தால் 62 நாளுக்கும் மேல் வருகிறது. ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர், ஆண்டில் இரண்டு மாதம் இரவும் பகலும் தொடர்வண்டியிலேயே வாழ்கிறார் என்பது இதன் பொருள்.

அத்தகைய ஒருவரை ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையில் எழுப்பி, அதே நிலையத்தில், அதே தொடர்வண்டியில் ஏற்றுவதற்குப் பெயர் விடுமுறையா?

ஒரே நாளில் சென்று திரும்பும் திட்டம் எப்படி நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் தாய், மறுநாள் வழியில் உண்பதற்குப் புளிச்சோறு கிளறுவார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து எல்லோரையும் புறப்படச் செய்வார். தொடர்வண்டி, மெட்ரோ, பேருந்து, இடைக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து பிடதியை அடைய ஐந்து மணி நேரம் ஆகலாம். திரும்பவும் ஐந்து மணி நேரம். ஆறு மணி நேர விளையாட்டிற்குப் பத்து மணி நேரப் பயணம்! பூங்காவை அடைந்ததும் பிள்ளைகள் ஓடுவர். தாயும் தந்தையும் பைகளுக்கும் காலணிகளுக்கும் காவலாக இருக்கையில் சாய்வர். சற்று நேரத்தில் அங்கேயே கண்ணயர்வர். டிஸ்னி எந்த இருக்கையிலிருந்து எழ விரும்பினாரோ, அதே இருக்கைக்குப் பெற்றோரை அனுப்பும் திட்டம் அது. திங்கட்கிழமை விடியற்காலையில் அவர்கள் மீண்டும் வேலைக்குப் புறப்பட வேண்டும்.

'பிள்ளைகள் மகிழ்ந்தால் அதுவே எங்களுக்குப் போதும்' என்று பெற்றோர் கூறுவர். அது அவர்களுடைய பெருந்தன்மை. அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது பிள்ளைகளுக்கு அழகன்று. 'பசியில்லை' என்று கூறித் தம் பங்கையும் பிள்ளைக்கு வைக்கும் தாயின் சொல்லைப் போன்றதே அதுவும்.

'அப்படியானால் பூங்காவே வேண்டா; அது வீண் செலவு; சொந்த ஊர்த் திருவிழாவிற்குச் செல்வதே நன்று' என்று சிலர் கூறுவர். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. கடன் வாங்கிச் செல்லும் களியாட்டம் திரும்பி வந்தபின் கவலையையே தரும். உறவினரைக் காணும் திருவிழாவிற்கு ஈடாக ராட்டினத்தைச் சொல்ல முடியாது என்பதும் மெய்யே. எனினும் திருவிழா வீட்டில் தாய்க்கு ஓய்வு கிடைப்பதில்லை. இருபது பேருக்குச் சமைக்கும் அடுப்படியில்தான் அவர் பொழுது கழியும். ஆண்டில் ஒரு நாளேனும் சமைக்காமல், பாத்திரம் துலக்காமல், நேரத்திற்கு ஓடாமல் தாய் தம் பிள்ளைகளோடு நீரில் விளையாடினால் அது வீண் ஆகாது. ஆகவே பூங்காவிற்குச் செல்வதில் தவறில்லை. களைத்தவரை மேலும் களைக்கச் செய்யும் திட்டமே தவறு.

மாற்றுத் திட்டம் ஒன்று உண்டு. தாயும் தந்தையும் சனிக்கிழமை பெங்களூரில்தான் இருக்கின்றனர். அன்றிரவு அவர்கள் ஊரிகத்திற்கு வந்து, மறுநாள் விடியலில் மீண்டும் பெங்களூருக்கே செல்ல வேண்டிய தேவை என்ன? பிள்ளைகளும் பாட்டியும் சனிக்கிழமை பிற்பகல் தொடர்வண்டியில் புறப்பட்டுப் பெங்களூரில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். இதனால் ஒருவருக்கு ஐந்து மணி நேரப் பயணம் குறைகிறது. இருவருக்குமாகப் பத்து மணி நேரம் மிஞ்சுகிறது. தங்கவயல் குடும்பங்கள் பலவற்றிற்குப் பெங்களூரில் சித்தப்பா, அத்தை, மாமா என உறவினர் உண்டு. முன்கூட்டியே தெரிவித்து, பழமோ இனிப்போ கையில் எடுத்துச் சென்று, ஓரிரவு அங்குத் தங்கலாம். உறவும் வளரும். உறவினர் இல்லாதவர்கள் செலவு குறைந்த விடுதியை நாடலாம். வசதி இருப்பின் பூங்காவின் விடுதியிலேயே தங்கலாம்.

ஞாயிறு காலை எல்லோரும் நன்கு உறங்கி எழுந்து புறப்படலாம். பெங்களூர் மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் கிழக்கே வைட்ஃபீல்டிலிருந்து மேற்கே மைசூர் சாலையில் உள்ள சல்லகட்டா வரை முழுமையாக இயங்குகிறது. அங்கிருந்து பிடதிக்குப் பேருந்தில் செல்லலாம். பிடதி, தட்டு இட்லிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே அமர்ந்து எல்லோரும் சூடாகச் சிற்றுண்டி உண்டால், அன்று தாய் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை பெற்றோருக்கு விடுப்புக் கிடைப்பின் அனைவரும் மெல்லத் திரும்பலாம். கிடைக்காவிடினும் கவலையில்லை. பெற்றோர் ஞாயிறு இரவும் பெங்களூரிலேயே தங்கி, மறுநாள் அங்கிருந்தே வேலைக்குச் செல்வர். பிள்ளைகள் பாட்டியோடு காலை வண்டியில் ஊரிகம் திரும்புவர். காலையில் கூட்டமெல்லாம் பெங்களூரை நோக்கியே வருவதால், எதிர்த்திசையில் உட்கார இடம் எளிதில் கிடைக்கும்.

பணக்கணக்கையும் பிள்ளைகளே எழுதிப் பழகுதல் வேண்டும். நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, உணவு, பொருள்களைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கான வாடகை, எதிர்பாராச் செலவு என ஐந்து தலைப்புகளில் ஒரு தாளில் எழுதலாம். வெளியுணவை உள்ளே அனுமதிக்காத பூங்காக்கள் உண்டு. நீர் விளையாட்டிற்கெனத் தனி உடையை வலியுறுத்தும் பூங்காக்களும் உண்டு. அவற்றை முன்னரே அறிந்தால் வாயிலில் நின்று வருந்த நேராது. பொருள் பூட்டும் பெட்டியின் வாடகை சிலருக்கு வீண் செலவாகத் தோன்றலாம். அதுதான் தாயைக் காவல் வேலையிலிருந்து விடுவிக்கும் செலவு. பொம்மைக் கடையில் ஒன்று குறைந்தாலும் அப்பெட்டியைக் குறைத்தல் ஆகாது.

பாட்டியின் நிலையும் எண்ணத்தக்கது. 'ஆயாவிற்கு அங்கே என்ன இருக்கிறது? வீட்டிலேயே இருக்கட்டும்' என்று பிறர் முடிவு செய்துவிடுவதுண்டு. அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தல் வேண்டும். பல பூங்காக்கள் மூத்தோருக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. இதய நோய் உள்ளவர்களும் முதியவர்களும் ஏறக் கூடாத ராட்டினங்கள் உண்டு. அமைதியாகச் சுற்றும் ராட்டினங்களும், கால் நனைத்து அமரும் நீர்நிலைகளும் உண்டு. சுரங்கத்தில் இறங்கிய கணவர் மேலே வரும்வரை காத்திருந்தவர் அவர். பின்னர், இரவு வண்டியில் மகன் வரும்வரை காத்திருந்தார். பூங்காவிலும் அவரைத் தனியே காத்திருக்க வைப்பது முறையன்று. வீட்டார் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் அவரோடு இருக்கலாம்.

உள்ளே சென்றபின், எத்தனை ராட்டினங்களில் ஏறினோம் என்று எண்ணுவதை விடுத்து, எத்தனையில் சேர்ந்து ஏறினோம் என்று எண்ணுவது நன்று. நீண்ட வரிசைகளில் நின்று பதினைந்து விளையாட்டுகளை முடிப்பதைவிட, ஐந்தில் ஒன்றாக ஏறி, நடுவே நிழலில் அமர்ந்து பேசி, நேரத்தோடு வெளியே வருவதே நல்ல திட்டம். உயர வரம்பு காரணமாகத் தம்பியையோ தங்கையையோ ஏற்ற மறுக்கும் இடங்களில் விதியை மீற முயலாமல், அவர்களோடு ஒருவர் கீழே நிற்பதும் விளையாட்டின் ஒரு பகுதியே.

விடுமுறைத் திட்டம் எழுதும் தாளில் முதல் வரியாக இடம்பெற வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இந்த வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார்?' அவர் உறங்கி எழும் நேரத்தைக் குறித்துவிட்டு, மற்ற நேரங்களை அதன்பின் நிரப்புதல் வேண்டும். இவ்வாறு திட்டமிட்டால், குடும்பம் பூங்காவை ஒரு மணி நேரம் தாழ்ந்தே அடையக்கூடும். ஆயினும், நீரில் இறங்கும்போது அம்மாவும் உடன் இறங்குவார்.

★

சிந்தனை வினா

1. ஒரு நாள் பயணம், ஓரிரவு தங்கும் பயணம் ஆகிய இரண்டில் உங்கள் குடும்பத்திற்கு ஏற்றது எது? காரணங்களுடன் எழுதுக.

2. உங்கள் வீட்டில் வேலைக்குச் செல்பவர் ஒருவர் ஓர் ஆண்டில் பயணத்தில் செலவிடும் நேரத்தைக் கட்டுரையில் உள்ளவாறு கணக்கிடுக.

3. 'சொந்த ஊர்த் திருவிழாவே சிறந்த விடுமுறை' என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் உரையாடுக.