அமெரிக்க டிரெய்லர் லாரிகளுக்கு ஏன் நீளமான மூக்கு? வீல்பேஸ் கணக்கு இதுதான்!

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பார்த்தவர்களுக்கு ஆப்டிமஸ் பிரைமைத் தெரியாமல் இருக்காது. 1984-ல் வந்த கார்ட்டூனில் அது தட்டை முகம் கொண்ட லாரி. 2007-ல் வந்த படத்திலோ நீள மூக்கு வைத்த பீட்டர்பில்ட் 379. இந்த மாற்றம் சினிமாவில் மட்டும் நடக்கவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளிலும் தட்டை முக லாரிகள் குறைந்து, மூக்கு லாரிகள் நிறைந்துவிட்டன. காரணம் ஒரு சட்டம். அந்தச் சட்டம் மாற்றிவிட்ட அளவுதான் வீல்பேஸ்.

வீல்பேஸ் என்றால் என்ன?

முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரம்தான் வீல்பேஸ். பின்னால் இரட்டை அச்சு இருந்தால், அவற்றின் நடுப்புள்ளி வரை அளப்பார்கள். டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியை ஆர்டர் செய்யும்போதே இதை முடிவு செய்தாக வேண்டும். பிறகு மாற்ற நினைத்தால் சேஸிஸிலேயே கை வைக்கணும். அது செலவு பிடிக்கும் வேலை.

சட்டம் என்ன செய்தது?

1982-க்கு முன்பு அமெரிக்காவின் பல மாகாணங்கள், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருந்தன. மூக்கைக் குறைத்தால்தான் சரக்குக்கு இடம் கிடைக்கும். அதனால் இன்ஜின் மேலேயே கேபினை வைத்தார்கள். 1982-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம், தேசிய நெடுஞ்சாலைத் தொகுப்பில் மாகாணங்கள் இப்படி மொத்த நீள வரம்பு வைக்கக் கூடாது என்றது. அதன்பின் மூக்கும் நீண்டது, படுக்கை வசதியுள்ள கேபினும் பெரிதானது.

ஐரோப்பாவில் மொத்த நீளத்துக்கு 16.5 மீட்டர் வரம்பு இருக்கிறது. அதனால்தான் அங்கே இன்றும் தட்டை முகம், குட்டை வீல்பேஸ்.

பாலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கயிற்றுக் கட்டிலில் ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும். படுத்தால் தாங்கும். பாலமும் அப்படித்தான். அமெரிக்காவின் 'பாலச் சூத்திரம்' எடையை மட்டுமல்ல, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தையும் பார்க்கிறது. 5 அச்சு லாரி 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் எடையோடு போக வேண்டுமென்றால், முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 51 அடி இருக்க வேண்டும்.

53 அடி டிரெய்லர் மாட்டினால் இந்தத் தூரம் சுலபமாக வந்துவிடும். ஜல்லி ஏற்றும் குட்டை டிரெய்லர் என்றால்தான் சிக்கல். அங்கே முன் வண்டியின் வீல்பேஸ் நீளமாக இருந்தால் கணக்கு சரியாகும்.

அப்போ நீளமாகவே வாங்கிவிடலாமா?

அங்கேதான் யோசிக்கணும். நீளமான வீல்பேஸில் குலுக்கல் குறைவு, படுக்கைக்கும் டீசல் டேங்குக்கும் இடம் அதிகம். ஆனால் 15 அடி வீல்பேஸை 20 அடியாக்கினால், ஸ்டியரிங்கை அதே கோணத்துக்குத் திருப்பும்போது வண்டி திரும்பத் தேவையான வட்டம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். நகரத்துக் குடோன் வாசலில் இது பெரிய தலைவலி. வண்டியின் சொந்த எடையும் கூடும். அந்த அளவுக்குச் சரக்கு குறையும்.

எடை பங்கிடுவதும் மாறும். டிரெய்லர் 12 டன் பாரத்தை, பின் அச்சுகளின் நடுப்புள்ளிக்கு 1 அடி முன்னால் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 அடி வீல்பேஸில் அதில் 800 கிலோ முன் அச்சுக்குப் போகும். 20 அடியில் 600 கிலோதான். மீதி 200 கிலோ பின் அச்சுகளின் தலையில் விழும். அவை ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருந்தால், எடை மேடையில் அபராதம்தான்.

எலெக்ட்ரிக் லாரி வந்தால்?

இப்போது அச்சுகளுக்கு இடையிலான இடத்துக்கு பேட்டரியும் போட்டி போடுகிறது. பேட்டரி எடையை ஈடுகட்ட, எலெக்ட்ரிக் லாரிகள் 82,000 பவுண்டு வரை போக அமெரிக்கா அனுமதிக்கிறது. அச்சுகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்ற கேள்வி அப்போதும் மாறப்போவதில்லை.

பெரிய நிறுவனத்துக்கு ஒரு வண்டி சரிப்படவில்லை என்றால் வேறு ரூட்டில் ஓட்டலாம். கடன் வாங்கி ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் வண்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்க வேண்டியவை மூன்றுதான்: என்ன சரக்கு, எந்த டிரெய்லர், எந்த ரோடு?