எலுமிச்சையும் நாயும்

திருவக்கரை வக்ரகாளியம்மன் சந்நிதியில் பௌர்ணமியன்று எலுமிச்சம்பழத்துக்கு இருக்கும் மதிப்பை அங்கே போய்வந்தவர்கள் அறிவார்கள். சென்ற பௌர்ணமியன்று நானும் போயிருந்தேன். தரிசனம் முடிந்து, பிரசாதமாகக் கிடைத்த இரண்டு பழங்களோடு அவ்வூரிலுள்ள சிநேகிதர் வீட்டுக்குச் சென்றேன். வாசற்படியில் கால் வைத்ததும் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. கையிலிருந்த பழங்களின் வாசனை அல்ல அது. திண்ணையோரம் படுத்திருந்த நாயின் மேலிருந்து வந்த வாசனை!

என்னைக் கண்டால் தெரு அதிரக் குரைத்து வரவேற்கும் பிராணி அது. அன்று தலையைத் தூக்கிப் பார்த்ததோடு சரி. வாயிலிருந்து எச்சில் நூலாய் ஒழுகிற்று; உடம்பு நடுங்கிற்று; எழுந்திருக்க முயன்றபோது பின்னங்கால்கள் தள்ளாடின.

"உண்ணித் தொல்லை பொறுக்க முடியவில்லை, ஐயா. எலுமிச்சை எண்ணெய் தடவினேன். பாட்டி காலத்து வைத்தியந்தானே, என்ன செய்துவிடும்?" என்றார் சிநேகிதர். தபாலில் தருவித்த சிறு புட்டியையும் காட்டினார். 'இயற்கைப் பொருள், தீங்கற்றது' என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. பாதிப் புட்டி காலியாகியிருந்தது.

உடனே வெதுவெதுப்பான நீரும் மிருதுவான சோப்பும் கொண்டு நாயைக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, துணியில் சுற்றி, வண்டி பிடித்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். அங்கே குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நல்லதாய்ப் போயிற்று. நாய் பிழைத்தது. ஆனால் சிநேகிதரின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பாட்டி காலத்து வைத்தியம் எப்படித் தீங்காயிற்று?

விஷயம் இதுதான். பாட்டிக்குத் தெரிந்தது பழம். புட்டி எண்ணெயை அவள் கண்டதில்லை. ரஸத்தில் நாம் பிழிவது சாறு. எண்ணெயோ தோலிலுள்ள நுண்ணிய பைகளில் இருக்கிறது. ஒரு பழத்தின் தோலில் சில துளிகளே தேறும். எத்தனையோ பழங்களின் தோலிலிருந்து எடுத்ததைத்தான் ஒரு சிறு புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதில் முக்கியமான பொருள் லிமொனீன் என்பது. எலுமிச்சை எண்ணெயில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நூற்றுக்கு 90-க்கும் மேல்.

லிமொனீனுக்குத் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் சக்தி உண்டென்பது பொய்யல்ல. அமெரிக்காவில் அதைச் சேர்த்துச் செல்லப் பிராணிகளுக்கான மருந்து நீர் தயாரித்து விற்றிருக்கிறார்கள். ஆனால் பூச்சியைக் கொல்லும் பொருள் நாயைக் கண்டதும் வணங்கி விலகிப் போய்விடுமா? அளவுதான் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே நிற்கும் வேலி. 1986-ல் பூனைகளிடம் செய்த சோதனை ஒன்றில், குறித்த அளவில் அந்த மருந்து நீர் கெடுதல் செய்யவில்லை. ஐந்து மடங்கானபோது எச்சில் ஒழுகலும் தள்ளாட்டமும் நடுக்கமும் தோன்றின. பதினைந்து மடங்கானபோது உடம்புச் சூடே வெகுவாகக் குறைந்துவிட்டது. நாய் பூனையைவிடச் சற்றுத் தாங்கும் என்பது மெய். ஆயினும் லிமொனீன் கலந்த மருந்து நீரால் ஒரு நாயின் சருமம் கடுமையாகப் புண்பட்டு, இரத்தம் உறையும் முறையே சீர்குலைந்த விவரம் 1995-ல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று.

நாய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் தைலம் தேய்த்துக்கொண்டால் சும்மா இருக்கிறோம். நாய் தன் உடம்பை நக்கும். மேலே பூசியதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போய்விடுகிறது. அன்றியும், திறந்து வைத்த புட்டியில் காற்றுப் பட்டுப் பட்டு லிமொனீன் மாறுதலடைந்து, சருமத்தை முன்னிலும் அதிகமாய் உறுத்தும். பழைய புட்டியைத் தீர்க்க நாயைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை செய்தும் உண்ணி தொலைவதில்லை. அது நாயின் மேல் மட்டுமா குடியிருக்கிறது? இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாய்க்குக் கொடிய காய்ச்சலைக் கொண்டுவருவதும் அதுவே. ஆகையால் உண்ணியை அலட்சியம் செய்யலாகாது. சுவர் வெடிப்பை அடைப்பது, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைப்பது, தினந்தோறும் காதையும் விரலிடுக்கையும் பார்த்து உண்ணியைச் சருமத்தோடு ஒட்டிப் பற்றி எடுப்பது, நாயின் எடைக்குத் தகுந்த மருந்தை வைத்தியர் சொல்லக் கேட்டு வாங்குவது — இவைதாம் வழி.

தப்பித் தவறி எண்ணெய் பட்டுவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவி, நக்க விடாமல் பார்த்துக்கொண்டு, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். உள்ளே போய்விட்டதென்று நாமாக வாந்தி எடுக்க வைப்பது கூடாது. எண்ணெய் நுரையீரலில் புகுந்தால் அபாயம் இரட்டிக்கும்.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். நாய் பழையபடி தெரு அதிரக் குரைத்து வரவேற்றது. சிநேகிதரின் மனைவி எலுமிச்சம்பழம் பிழிந்து பானகம் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குடித்தோம். நாய் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு தூரப் போய்ப் படுத்துக்கொண்டது. புட்டியின் மேல் அச்சிட்ட வாசகத்தைவிட அதன் மூக்கு யோக்கியமானது என்று எனக்குத் தோன்றிற்று.