இரவு 7 மணிக்கு சைரன்... போனை ஓரம் வைத்த ஊர்! கவனச்சிதறலை விட்டொழிப்பது தனி ஆளால் முடியுமா?

இரவு 7 மணி. ஊர்க் கோயிலின் மேல் பொருத்தப்பட்ட சைரன் ஒலிக்கிறது. வீடுகளில் டிவி நிற்கிறது. செல்போன்கள் ஓரமாகப் போகின்றன. பிள்ளைகள் புத்தகத்தை எடுக்க, பெரியவர்கள் பேச உட்காருகிறார்கள். 8.30 மணிக்குப் பிறகு எல்லாம் வழக்கம்போல.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் சுமார் 3 ஆயிரம் பேர் வசிக்கும் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமம், 2022 ஆகஸ்ட்டில் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2024 டிசம்பரில் கர்நாடகாவின் பெலகாவி அருகே உள்ள ஹலகா கிராமமும் இதே சைரன் பாணியைக் கையில் எடுத்தது. அங்கே நேரம் 7 முதல் 9 மணி வரை.

'போனைக் குறைச்சுக்கோ, நிம்மதியா இருப்ப' என்று எல்லோரும் எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறோம். ஆனால் இந்த ஊர்களில் அறிவுரை சொல்லவில்லை, சைரன் வைத்தார்கள். வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது.

ஏன் ஊரே சேர வேண்டியிருந்தது?

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத்தான் பிள்ளைகள் கையில் போன் வந்தது. பள்ளி திறந்த பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளின் கவனம் பாடத்தில் நிற்கவில்லை என்று வட்காவ் ஆசிரியர்கள் கவலைப்பட, விஷயம் ஊராட்சிக்கு வந்தது. யோசனையைச் சொன்னதும் ஆண்கள் சிரித்தார்கள். பெண்களைக் கூட்டிப் பேசியபோதுதான் காரியம் நகர்ந்தது. 'நாங்களும் சீரியல் அதிகமாத்தான் பார்க்கிறோம்' என்று ஒப்புக்கொண்டு, ஊரே சேர்ந்து அணைக்கலாம் என்றார்கள். தொடக்கத்தில் ஊராட்சி ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கவனித்தீர்களா? பிரச்னை பிள்ளைகளிடம் என்று தொடங்கி, தீர்வு பெரியவர்களிடம் வந்து நின்றது. அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டே 'படிடா' என்றால் எந்தப் பையன் படிப்பான்? அதே சமயம், ஒருவர் மட்டும் போனை அணைத்தால் அவருக்குத்தான் நஷ்டம். குடும்ப குரூப்பில் நடந்தது தெரியாது, ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் போகாது. எல்லோரும் ஒரே நேரத்தில் அணைத்தால் தவறவிட ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் லேசாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மனக்கட்டுப்பாடு மட்டும் போதாதா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர் குளோரியா மார்க் பல ஆண்டுகளாக இதை அளந்து வருகிறார். 2004-ல் கணினித் திரையில் ஒரு விஷயத்தின் மீது சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், சமீப ஆண்டுகளில் 47 விநாடியாகச் சுருங்கிவிட்டது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி போய்விட்டதா என்ன?

விரல் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் 'ஸ்க்ரோல்' வசதியை 2006-ல் உருவாக்கியவர் அசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், பேப்பரில் பக்கம் முடியும். இங்கே முடிவு என்பதையே எடுத்துவிட்டார்கள். செய்தித் தளங்கள் அனுப்பும் 'பிரேக்கிங்' நோட்டிபிகேஷனும் இந்தக் கணக்கில் சேர்த்திதான், எங்களுடையது உட்பட.

பட்டன் போனுக்கு மாறினால்?

பலர் யோசிக்கும் வழி இது. முன்பு ஒரு சிக்கல் இருந்தது. இன்டர்நெட்டே தேவையில்லாதவரும் டேட்டா சேர்ந்த பேக்குக்குத்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது. ஒவ்வொரு நிறுவனமும் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ஒரு பேக்காவது தர வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி கொடுக்கலாம் என்றது. பணம் அனுப்பவும் வழி இருக்கிறது. இன்டர்நெட் இல்லாத போனுக்கான 'யுபிஐ 123பே' 2022-லேயே வந்துவிட்டது. ஒரு முறை அனுப்பும் உச்சவரம்பு 5 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

ஆனால் அன்றாட வாழ்க்கை இந்த விதிகளைத் தாண்டி ஓடிவிட்டது. டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை சாதாரண பட்டன் போனில் ஸ்கேன் செய்ய முடியாது. நாளைக்கு ஸ்கூல் லீவா என்பது வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. உணவு டெலிவரி செய்பவருக்கோ, கால்டாக்ஸி ஓட்டுபவருக்கோ போனை அணைப்பது அன்றைய சம்பளத்தை அணைப்பது. எளிமையாக வாழ ஆசை எல்லோருக்கும் இருக்கலாம், அதற்கான வசதி எல்லோருக்கும் இல்லை. மலையடிவாரத்தில் 'டிஜிட்டல் டீடாக்ஸ்' என்று பணம் கட்டித் தங்குபவர்களின் பேச்சில் இந்த விஷயம் வருவதே இல்லை.

அரசுகள் என்ன செய்கின்றன?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. தண்டனை பிள்ளைக்கும் கிடையாது, பெற்றோருக்கும் கிடையாது. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்.

ஜப்பானின் டொயோஆகே நகரம் வேறு மாதிரி. ஓய்வு நேரத்தில் போன் பயன்பாடு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்று 2025 அக்டோபர் முதல் பரிந்துரைக்கிறது. மீறினால் அபராதம் இல்லை, கண்காணிப்பும் இல்லை. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 'எங்க ஊர்ல இதுதான் வழக்கம்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைப்பதே பெற்றோருக்குப் பெரிய உதவி.

வேலை முடிந்த பிறகு ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 முதல் சட்டமாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. இந்தியாவில் 2018-லும் 2025-லும் எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். இங்கே தனிநபர் மசோதா சட்டமாவது மிக அபூர்வம்.

அப்போ, முழுசா நிறுத்திடணுமா?

வேண்டியதில்லை. 2019-ல் வெளியான ஒரு ஆய்வு, இந்தியாவில் இரண்டு வாரம் நடத்தப்பட்டது. சிலருக்கு நோட்டிபிகேஷன்களைச் சேர்த்து வைத்து நாளைக்கு மூன்று முறை மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு அடியோடு நிறுத்தினார்கள். மூன்று முறை பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அடியோடு நின்றவர்களுக்குப் பதற்றம்தான் கூடியது, எதையோ தவறவிடுகிறோமே என்று.

இந்த அளவுக்கு ஒரு வீட்டிலேயே செய்யலாம். போன் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்' பகுதிக்குப் போய், வங்கி, கால், வீட்டு ஆட்களின் மெசேஜ் தவிர மற்றவற்றை அணைத்துவிடுங்கள். பள்ளி குரூப்பை 'மியூட்' செய்துவிட்டு இரவு ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பா போனும் சேர்த்து.

படிப்பு, தூக்கம், வேலை கெடும் அளவுக்குப் போயிருந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. போனிலேயே பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.