கடிகாரம் இல்லாத கூடம்

சூதாட்ட விடுதி பார்க்க நம் அடி அண்ணாமலையிலிருந்து கோவா வரை போக வேண்டும். அங்கே சுவரில் கடிகாரம் இருக்காது, சன்னலும் அரிது. நோட்டு வில்லையாக மாறிவிடுவதால் பணம் போவது உறைக்காது. 'ஒரு எண்ணில் தவறிவிட்டதே' என்ற ஏக்கமே அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும்.

கைப்பேசி ரம்மியும் இதே வித்தைதான். ரம்மி திறமை விளையாட்டு என 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. (திறமைசாலிகளும்தான் நகையை அடகு வைத்தார்கள்.) 2025-இல் தமிழக அரசின் விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டத்துக்குத் தடை போட்டன, ஒளித்து வைத்த கடிகாரத்தை மீண்டும் மாட்டியது போல. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது.

சீட்டுக்கட்டு மட்டும் இன்னும் வீடுகளில் இருக்கிறது. ஆட்டம் தன்னிலே பாவமல்ல. குடும்பத்தின் தேவைக்கான பணத்தைப் பறித்தால் தவறு என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413). ஆகவே உட்காருமுன்பே தொகையையும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிவிடுவோம். விட்டதைப் பிடிக்க ஆடவேண்டாம். கடன் வாங்கி ஆடவே வேண்டாம். கை மீறிவிட்டால் ஏடிஎம் அட்டையைத் துணைவரிடம் கொடுத்துவிட்டு, 14416 என்ற அரசின் மனநல எண்ணை அழைக்கலாம். நள்ளிரவிலும் எடுப்பார்கள்.