கணினிக் கூடத்துக் கட்டளைத்தாள்

செங்கற்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் விடியல் தொடர்வண்டியில் தாம்பரம் வந்திறங்கும் மாணவர் கூட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே பயின்றவர் பலர். தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிப்பவர் பலர். சேர்க்கை நாளில் அவர்கள் கையில் தாள்கள் பல திணிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, கல்லூரிக் கணினிகளையும் இணையத்தையும் எவ்வாறு பயன்படுத்தலாம், எவ்வாறு பயன்படுத்தலாகாது என்று கூறுவது. பெரும்பாலும் அஃது ஆங்கிலத்தில், அதுவும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் இருக்கும். மாணவன் அடியிற் கையெழுத்திடுகிறான், தந்தையும் இடுகிறார். "படித்துணர்ந்தேன்" என்னும் வரியின்கீழ், படிக்காதவர் இருவர் கையெழுத்து! உயர்கல்வியின் முதல் நாளிலேயே ஒரு பொய்யை எழுதி வாங்கிக்கொள்ளும் நிலையைக் கல்வியாளர் எவரும் குறையாகக் கருதுவதாகத் தெரியவில்லை.

கட்டுப்பாடே வேண்டா என்று எவரும் சொல்லார். ஏரிநீரை மதகுவழி முறைவைத்துப் பாய்ச்சிய மண் இது. நீர்க்கட்டி சொன்ன முறையை உழவன் ஏற்றான். ஏனெனில் அது அவன் மொழியிற் சொல்லப்பட்டது. அதன் கரணியமும் ஏரியிற் கிடந்த நீராய் அவன் கண்முன் நின்றது. கணினி வலையமும் அத்தகைய பொதுநீரே. நாற்பது பேர் அமரும் கூடத்தில் ஒருவன் திரைப்படத்தை இறக்கிக்கொண்டிருந்தால், மற்றவர் நூலகத் தளத்தைத் திறக்கவியலாது காத்துக் கிடப்பர். இப்படிச் சொன்னால் மறுக்கும் மாணவன் எவன்? புரியாத மொழியில் ஒட்டிய தாளிலோ, தடை என்பது மட்டுமே விளங்கும். ஏன் என்பது விளங்காது.

இத்தகைய தாள்களுக்குத் தொடக்கத்திற் கரணியம் இருந்தது. 1986-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களை இணைக்க ஒரு வலையம் அமைத்தது. அது பொதுப்பணத்தில் நடந்தமையால், கல்விக்கும் ஆய்வுக்குமே பயன்படுத்துக, வணிகத்திற்கு அன்று என நெறி வகுத்தனர். அவ்வலையம் 1995-இல் மூடப்பட்டது. அதே 1986-இல் இந்தியாவில் எர்நெட் தொடங்கியபோது அதிற் பங்கேற்ற எட்டு அமைப்புகளுள் கிண்டியிலுள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கு இங்கு இணையம் கிட்டியது 1995 ஆகசுட்டு 15-இல்தான். காலம் மாறிற்று, தாளின் நடை மட்டும் மாறவில்லை.

உள்ளபடியே மாணவன் அறிந்தாக வேண்டியது கடவுச்சொல்லைப் பற்றி. அதைத் தோழனுக்குக் கொடுப்பதைச் சோற்றுப் பொதியைப் பகிர்வது போன்ற நட்பின் கடமையாக நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். கணினி முகமறியாது, சொல்லை மட்டுமே அறியும். அச்சொல்லைக் கொண்டு எவன் எதைச் செய்தாலும் அது சொல்லுக்குரியவன் பெயரிற் பதிவாகும். நள்ளிரவில் ஆசிரியர் ஒருவர்க்கு இழிமொழி மடல் ஒன்று போயிற்று எனின், காலையில் அழைக்கப்படுபவன் இரங்கிக் கொடுத்தவனே, வாங்கியவன் அல்லன். பிறர் கடவுச்சொல்லை ஏமாற்றும் நோக்கொடு பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலக்கம் உருபா வரை தண்டமும் வகுத்துள்ளது. இசைவின்றிப் பிறர் கணினியுட் புகுவதும் தரவைப் படியெடுப்பதும் அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவில் அடங்கும். இவ்வளவு கடுமையான செய்தி, ஆங்கிலத் தாளில் பதினேழாவது வரியாய் ஒடுங்கிக் கிடந்தால் யார்க்கு என்ன பயன்?

மற்றொன்று, தெளிவில்லாச் சொற்கள். "தகாதது", "வெறுப்பூட்டுவது", "நிறுவனப் பெயர்க்கு ஊறு செய்வது" என்றெல்லாம் எழுதி, அவற்றின் எல்லையைச் சொல்லாமல் விடுவது கல்லூரி ஆட்சியினர்க்கு வாய்ப்பானது, மாணவர்க்குக் கண்ணி. இந்திய அரசே இத்தகைய கண்ணியை வைத்திருந்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் புகுந்த 66-அ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி விடுத்தாலே சிறை என்றது. எரிச்சலை அளக்கும் கோல் எது என்று கேட்ட உச்ச முறைமன்றம், 2015 மார்ச்சு 24-இல் அப்பிரிவை அடியோடு நீக்கிற்று. நாட்டின் சட்டத்திற்கே ஒவ்வாத சொற்கள் கல்லூரித் தாளுக்கு மட்டும் எவ்வாறு ஒக்கும்?

மாணவர்க்கு உரிமையும் உண்டு என்பதைச் சொல்லும் தாளைக் காண்பது அரிது. கோழிக்கோட்டை அடுத்த செலன்னூர்க் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை கைப்பேசி கூடாதென்று கட்டளையிட்டனர். ஒரு மாணவி ஒப்பவில்லை, விடுதியினின்று நீக்கப்பட்டார். கேரள உயர் முறைமன்றம் 2019 செப்தம்பர் 19-இல், இணையத்தை அணுகுவது கல்வியுரிமையின் கூறு, தனியுரிமையின் கூறு என்று தீர்ப்பளித்து, அவரை மீளச் சேர்க்கச் சொன்னது. அது கைப்பேசி வழக்குத்தான். எனினும் ஒழுங்கின் பெயரால் அறிவின் வாயிலை அடைக்கலாகாது என்பது கணினிக் கூடத்திற்கும் பொருந்தும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நடுவர் அமர்ந்த உச்ச முறைமன்ற ஆயம் 2017 ஆகசுட்டு 24-இல் உறுதிசெய்துவிட்டது. ஆகவே கல்லூரி எதைக் கண்காணிக்கிறது, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது, அவற்றைப் பார்க்க உரியவர் யார் என்பனவும் அதே தாளில் இருத்தல் வேண்டும். கட்டு இருபாலும் இருந்தாற்றான் ஒப்பந்தம். ஒருபால் இருப்பின் அது தளை.

இனித் தமிழ்ப்பற்றாளர் சினங்கொள்ளத்தக்க செய்தி ஒன்று. "எம்மென்பொருளையும் மாணவர் நிறுவலாகாது" என்பது எங்குமுள்ள நெறி. நச்சுநிரல் புகாதிருக்க அது நன்றே. ஆனால் கணினியில் தமிழ் விசைப்பலகை திறந்துவைக்கப்படாத கூடத்தில், தமிழில் ஒரு வரி எழுத முனையும் மாணவன் இந்நெறியாற் குற்றவாளி ஆகிறான்! 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, அவ்வாண்டே தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையைச் செந்தரமாக அறிவித்தது. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் ஆக முப்பத்தொரு விசையில் தமிழ் முழுதும் அடங்கும். இன்றைய இயங்குதளங்களில் அது உள்ளமைந்தே வருகிறது. பொறுப்பாளர் திறந்துவிட்டாற் போதும். செலவு ஒரு காசும் இல்லை. மனம் இல்லை என்பதே குறை.

மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் இருந்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். பரிதிமாற்கலைஞர் 33 அகவையில் மறையும்வரை தமிழ் கற்பித்ததும் அங்கேயே. அன்று அது நகருக்குள் இருந்தது. 1937-இல் தாம்பரம் வந்தது. பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வையாது ஒதுக்கியதை ஒட்டி அப்பணி விட்ட அடிகள் குடியேறிய பல்லாவரம், தாம்பரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. அவ்வூர்களின் வழியே நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள், தம் உரிமையையும் கடமையையும் அயன்மொழித் தாளிற் கண்டு விழிக்கின்றனர்.

இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு தடைக்கும் அருகே அதன் கரணியம், மீறினால் ஒறுப்பு என்ன, யாரிடம் முறையிடலாம் என்னும் விளக்கம், கல்லூரியின் கடமைகள், எல்லாம் நல்ல தமிழில். ஆங்கிலப் படி வேண்டுவோர்க்கு அதுவும் உடன் இருக்கட்டும். முதல் வகுப்பன்று கணினிக் கூடத்தில் அதை வாய்விட்டுப் படித்து, ஐயங்களுக்கு விடை சொல்லி, அதன்பின் கையெழுத்து வாங்கட்டும். இதை எழுதித் தர வெளியூர் அறிஞர் எவரும் வேண்டியதில்லை. எத்தனையோ கல்லூரிகளில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. இரு துறையினரும் ஒரு பிற்பகல் கூடி அமர்ந்தால் தாள் முடிந்துவிடும்.